சாதாரணத் தோட்டாவா, இம்ப்ரூவ்டு தோட்டாவா? 1,000 கெஜத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவில் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஆறேழு மாதம் ஆனவர்கள் பலரும் ஒருநாள் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள். "பக்கத்தில் படுத்துச் சுடுபவர் .280 அக்லி இம்ப்ரூவ்டு வைத்திருக்கிறார். என்னுடையது வெறும் .280 ரெமிங்டன். நானும் சேம்பரை மாற்றிக்கொள்ளலாமா?" சேம்பர் என்பது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி. இம்ப்ரூவ்டு என்பது தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது பவுடரை அடக்கும் உறையை, கொஞ்சம் அகலமாக்கிய வடிவம். நண்பர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பேரலுக்குக் கடையில் வாங்கக்கூடிய தோட்டாவே போதும். இம்ப்ரூவ்டு என்பது அந்தப் பேரல் தேய்ந்து, இரண்டாவது பேரல் போடும்போது யோசிக்க வேண்டிய விஷயம். இந்தப் பதில் மாறுகிற இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பருடைய ரைஃபிளை ரேஞ்சில் ஒரு முறை வாங்கிச் சுட்டாலும் 'கையில் வைத்திருந்தது' என்றே கணக்காகலாம். விசாவில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் ரேஞ்சுக்குப் போக வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் போவது விளையாட்டு மட்டுமல்ல, குடியேற்றமும்தான்.

இம்ப்ரூவ்டு என்றால் எதை மாற்றியிருக்கிறார்கள்?

சுட்டுத் தீர்ந்த .280 ரெமிங்டன் கூடு ஒன்றையும் .280 அக்லி கூடு ஒன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான், 0.470 அங்குல விட்டம். ரெமிங்டன் கூடு மேலே போகப் போக ஒடுங்கி, தோளருகே 0.441 அங்குலம் ஆகிவிடும். அங்கிருந்து கழுத்துக்குச் சரிவாக ஏறும். அந்தச் சரிவு 17.5 பாகை. அக்லி கூட்டில் உடம்பு கிட்டத்தட்ட நேராகவே மேலே போகும். தோள் 40 பாகையில் வெடுக்கென்று உள்ளே மடங்கும். விரல் நுனியால் தடவினால் ரெமிங்டனில் வழுக்கிக்கொண்டு போகும், அக்லியில் ஒரு விளிம்பு தட்டும். உடம்பு நேரானதால் உள்ளே கொஞ்சம் கூடுதலாகப் பவுடர் கொள்ளும். அவ்வளவுதான் மாற்றம்.

இதைப் பரவலாக்கியவர் பார்க்கர் ஆட்டோ அக்லி. 1903-ல் பிறந்து 1989-ல் மறைந்த துப்பாக்கித் தொழிலாளி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கொலராடோ மாநிலத்தின் ட்ரினிடாட் ஊரில் பட்டறை வைத்திருந்தார், அங்குள்ள ஜூனியர் காலேஜில் இந்தத் தொழிலைக் கற்றும் கொடுத்தார். அவருடைய கெட்டிக்காரத்தனம் எதில் என்றால், இம்ப்ரூவ்டு சேம்பரில் பழைய தோட்டாவையும் போட்டுச் சுடலாம். சுடும்போது உண்டாகும் அழுத்தத்தில் பித்தளை விரிந்து, புது சேம்பரின் வடிவத்துக்கு வந்துவிடும். இதற்கு ஃபயர் ஃபார்மிங் என்று பெயர். ஊர் ஊராய் வேட்டைக்குப் போகிறவர் தன் தோட்டாவை மறந்து வந்துவிட்டால், எந்தக் கடையிலும் சாதாரணத் தோட்டா வாங்கிச் சமாளிக்கலாம். அந்தக் காலத்து ஆட்களுக்கு அது பெரிய விஷயம்.

முதல் படி: போட்டி விதியைப் படியுங்கள்

பவுடர், வேகம் எல்லாம் அப்புறம். நீங்கள் சுடப்போகும் போட்டி என்ன அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். எஃப்-கிளாஸில் (துணைக்கால் வைத்துப் படுத்தபடி நெடுந்தூரம் சுடும் போட்டி) எஃப்-டிஆர் பிரிவு என்றால் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் இரண்டு மட்டும்தான், அதுவும் மாற்றம் செய்யாத சேம்பரில். .223 அக்லி சேம்பர் போட்டுக்கொண்டு போனால் உங்களை ஓப்பன் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே 7 மில்லிமீட்டர் ரைஃபிள்களோடு மோத வேண்டும். பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைஃபிள் சீரீஸ்) போட்டிகளில் குண்டின் வேகத்துக்கே உச்சவரம்பு உண்டு, வினாடிக்கு 3,200 அடி. வேகத்துக்காகவே ஒரு இம்ப்ரூவ்டு தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவர் இந்த எண்ணை மறக்கக் கூடாது. எஃப்-ஓப்பனில்தான் கை விரிய இடம் இருக்கிறது. அங்கே .284 வின்செஸ்டரும், அதன் உடம்பைக் கொஞ்சம் அகலமாக்கிய .284 ஷெஹேனும் பல வருடங்களாக ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே ஓடுகின்றன.

இரண்டாம் படி: மூலத் தோட்டா எது?

'இம்ப்ரூவ்டு நல்லதா' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்தத் தோட்டாவை இம்ப்ரூவ் செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

.250 சாவேஜ் 1915-ஐச் சேர்ந்தது. .257 ராபர்ட்ஸ் 1934-ல் வந்தது. அக்காலத்துக் கூடுகள் நன்றாக ஒடுங்கும், வீணாகிற இடம் அதிகம். அவற்றை நேராக்கினால் பலன் கண்ணுக்குத் தெரியும். .280 ரெமிங்டன் 1957-ல் வந்தாலும் அதன் பூர்வீகம் 1906-ஆம் வருடத்து .30-06 கூடுதான், அதனால் அதிலும் ஓரளவு இடம் இருக்கிறது.

2007-ல் வந்த 6.5 க்ரீட்மூரைப் பாருங்கள். தோளருகே 0.462 அங்குலம், தோள் சரிவு 30 பாகை. நெடுந்தூரப் போட்டிக்கென்றே யோசித்துச் செய்த கூடு. அக்லி செய்திருக்கக்கூடிய வேலையில் பெரும்பகுதியைச் செய்து முடித்துத்தான் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை இன்னும் இம்ப்ரூவ் செய்யச் சொல்லி யாராவது பணம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிடைப்பது ஒரு சிட்டிகைப் பவுடருக்கான இடம்.

இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: கிடைக்கும் வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒரே அழுத்தத்தில், கூட்டின் கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடுகிறதோ அதில் ஏறக்குறைய கால் பங்குதான் வேகம் கூடும். கொள்ளளவு 6 சதவீதம் கூடினால் வேகம் 1.5 சதவீதம். வினாடிக்கு 2,800 அடி போகும் குண்டுக்கு அது சுமார் 42 அடி.

ஆனால் விளம்பரங்களிலும் ரேஞ்சுப் பேச்சிலும் '100 அடி கூடுதல்' என்று கேள்விப்படுவீர்கள். மிச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அழுத்தத்திலிருந்து. .280 ரெமிங்டனுக்கு வகுத்த அழுத்த வரம்பு 60,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .280 அக்லிக்கு 65,000. கூட்டின் வடிவம் தந்த பலனையும் அழுத்தம் தந்த பலனையும் சேர்த்து ஒரே பெயரில் விற்கிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன், வாங்குபவர் தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, 50 அடி கூடுதலாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 1,000 கெஜத்தில் அது என்ன செய்கிறது? 180 கிரெய்ன் எடையுள்ள, நல்ல வடிவமுள்ள 7 மில்லிமீட்டர் போட்டிக் குண்டு 2,850 அடி வேகத்தில் புறப்படுகிறது, குறுக்கே மணிக்கு 10 மைல் காற்று. குண்டு ஏறக்குறைய 58 அங்குலம் பக்கவாட்டில் தள்ளப்படும். வேகம் 2,900 ஆனால் அதில் சுமார் 2 அங்குலம் குறையும். அதே இடத்தில், காற்றை நீங்கள் மணிக்கு 1 மைல் தப்பாகக் கணித்தால் பிழை 6 அங்குலத்தை நெருங்கும். எஃப்-கிளாஸ் இலக்கில் அந்தத் தூரத்தில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், நடுவில் உள்ள எக்ஸ் வட்டம் 5 அங்குலம். 2 அங்குலம் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது, எக்ஸ் எண்ணிக்கையில் ஜெயிப்பவர்களுக்கு அது காசு. ஆனால் கொடியைப் பார்த்து 8 மைலா 10 மைலா என்று இன்னும் தடுமாறுகிறவருக்கு, அந்தப் பணத்தை ரேஞ்சுக் கட்டணத்தில் போட்டால் கிடைக்கும் லாபம் பல மடங்கு.

வேகத்தைவிட, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் போகிறதா என்பதை நான் அதிகம் பார்ப்பேன். மேலே சொன்ன குண்டுக்கு 10 அடி வேக வித்தியாசம் 1,000 கெஜத்தில் சுமார் 2 அங்குலம் மேலேயோ கீழேயோ காட்டும். உங்கள் தோட்டாக்களில் வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் 30 அடி இடைவெளி இருந்தால், காற்றே இல்லாத நாளிலும் 6 அங்குலம் செங்குத்தாகப் பரவும்.

நான்காம் படி: சேம்பரும் ஹெட்ஸ்பேஸும்

இதை அவசரமில்லாமல் படியுங்கள். இம்ப்ரூவ்டு ரைஃபிளில் ஆபத்து இருந்தால் அது இங்கேதான் இருக்கும்.

போல்ட்டின் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகத்தின்) முகத்துக்கும், தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். அக்லி முறையில் இந்தத் தூரத்தைச் சாதாரண சேம்பரைவிட 0.004 அங்குலம் குறைத்து வெட்டுவார்கள். அதனால் சாதாரணத் தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடும்போது, கழுத்தும் தோளும் சேருமிடத்தில் கூடு லேசாக நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடி கடைசிக் கால்வாசியில் கொஞ்சம் எதிர்க்கும். அந்த எதிர்ப்பு இருக்க வேண்டும், நல்ல அறிகுறி.

அந்தப் பிடிப்பு இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் என்ன ஆகும்? ஃபயரிங் பின் அடித்ததும் கூடு முன்னால் நகரும். அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும், தடித்த அடிப்பாகம் பின்னால் போய் போல்ட்டில் மோதும். இரண்டுக்கும் நடுவே பித்தளை இழுபட்டு மெலியும். இன்னும் ஓரிரு முறை சுட்டால் அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு பின்னால் வரும்.

சோதிப்பது எளிது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கி போல மடக்கிக் கூராக்குங்கள். சுட்ட கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். அடிப்பாகத்திலிருந்து கொஞ்சம் மேலே நுனி ஒரு பள்ளத்தில் விழுவது போல இடறினால் கூடு இழுபட்டுவிட்டது. வெளியே அதே உயரத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியலாம். அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். மீதிக் கூடுகளையும் பார்க்காமல் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள்.

பழைய ரைஃபிளை இம்ப்ரூவ்டு ஆக்குகிறவர்கள் இங்கேதான் தப்பு செய்வார்கள். இருக்கிற சேம்பருக்குள் புது ரீமரை (சேம்பரைக் கடையும் கருவியை) விட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. பேரலைக் கழற்றி, பின்பக்கம் கொஞ்சம் கடைந்து குறைத்து, மறுபடி ஏற்றினால்தான் அந்த 0.004 அங்குலப் பிடிப்பு வரும். நான் முதலில் போன பட்டறையில் ரீமரை மட்டும் விட்டுக் கொடுத்துவிட்டார்கள். முதல் 20 கூடுகளில் 7-ல் கிளிப் இடறியது. பேரலைப் பின்னுக்கு வாங்கி மறுபடி செய்ய இரட்டைச் செலவு. பட்டறைக்காரரிடம் "பேரலை செட்பேக் செய்வீர்களா, எந்த கேஜ் (அளவுக் கருவி) வைத்துச் சரிபார்ப்பீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் கொடுக்காதீர்கள்.

.280 அக்லியில் இன்னொரு சிக்கல் உண்டு. நோஸ்லர் நிறுவனம் 2007-ல் அதை அமெரிக்கத் தோட்டா அளவுகளை வகுக்கும் அமைப்பில் பதிவு செய்தது. அந்தப் பதிவுக்குப் பிறகு வந்த சேம்பருக்கும், அதற்கு முன் பட்டறைகளில் வெட்டிய பழைய அக்லி சேம்பருக்கும் ஹெட்ஸ்பேஸ் ஒன்றல்ல. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். செகண்ட் ஹேண்டில் .280 அக்லி வாங்குகிறீர்கள் என்றால், எந்த சேம்பர் என்று கேஜ் வைத்துப் பார்க்காமல் கடைத் தோட்டாவைப் போடக் கூடாது.

இந்தப் பதிவால் ஒரு பெரிய நன்மையும் வந்தது. .280 அக்லி இப்போது கடைச் சரக்கு. தோட்டா, வெறும் கூடு, டை (சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) எல்லாம் பெட்டியில் வாங்கலாம். நான் முதலில் சொன்ன பதில் மாறும் இடம் இதுதான். புதிதாக ரைஃபிள் வாங்குகிறவர், தொழிற்சாலையிலேயே .280 அக்லி சேம்பர் போட்டு வருவதை வாங்கினால், அவருக்கு இம்ப்ரூவ்டின் தொல்லை எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சாதாரணத் தோட்டாதான்.

ஐந்தாம் படி: ஃபயர் ஃபார்மிங்கின் விலை

கூடு கடையில் கிடைக்காத இம்ப்ரூவ்டு என்றால், ஒவ்வொரு கூட்டையும் ஒரு முறை சுட்டுத்தான் உருவாக்க வேண்டும். 200 கூடு என்றால் 200 குண்டு, 200 பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), அதற்கான பவுடர், இரண்டு மூன்று நாள். பேரலின் ஆயுளும் போகிறது. 2,000 முறை சுட்டால் துல்லியம் குறையத் தொடங்கும் பேரலில், பத்தில் ஒரு பங்கைக் கூடு செய்யவே செலவழிக்கிறீர்கள்.

அந்த நாள்களை வீணாக்காமல் இருக்க வழி உண்டு. ஃபயர் ஃபார்மிங் தோட்டாக்களையும் சாதாரணத் தோட்டாவுக்குக் கையேட்டில் உள்ள அளவிலேயே நன்றாகத் தயாரித்து, 300 கெஜத்தில் காற்றுப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் நன்றாகவே சுடும்.

கூடு வெளியே வந்ததும் தோள் விளிம்பைப் பாருங்கள். கூராக இருந்தால் முழுதாக விரிந்துவிட்டது. கொஞ்சம் உருண்டையாக இருந்தாலும் கவலை வேண்டாம், அடுத்த முறை நிறைந்துவிடும். நீளத்தையும் அளந்து பாருங்கள். பித்தளை பக்கவாட்டில் விரிந்ததால் கூடு ஒரு மயிரிழை குட்டையாகியிருக்கும்.

6 டாஷர் பற்றி ஒரு வார்த்தை. அது 6 மில்லிமீட்டர் பிஆர் கூட்டை இம்ப்ரூவ் செய்தது, அருமையாகச் சுடும். ஆனால் அதில் தோளை முன்னால் தள்ளியிருக்கிறார்கள். அதனால் மூலக் கூட்டைப் போட்டால் முன்னால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, கழுத்தில் ஒரு பொய்த் தோள் உருவாக்குவது போன்ற வேலைகள் தேவைப்படும். புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம். டாஷர்தான் வேண்டும் என்றால் உருவாக்கிய கூட்டையே வாங்குங்கள். இல்லையென்றால் அதே பிஆர் கூட்டின் இன்னொரு இம்ப்ரூவ்டான 6 பிஆர்ஏ பாருங்கள், அதில் தோள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆறாம் படி: அழுத்தத்தை எதை வைத்து அறிவது?

அக்லி ஒரு சோதனை செய்தார். வின்செஸ்டர் 94 ரைஃபிளில் .30-30 இம்ப்ரூவ்டு சேம்பர் வெட்டி, போல்ட்டைப் பூட்டும் பாகத்தையே எடுத்துவிட்டுச் சுட்டுக் காட்டினார். நேரான சுவருள்ள கூடு சேம்பரைப் பற்றிக்கொள்வதால் பின்னால் தள்ளும் விசை குறைகிறது என்று நிரூபிப்பதற்காக. இதைக் கேட்டுவிட்டு 'இம்ப்ரூவ்டு கூடு அதிக அழுத்தத்தைத் தாங்கும்' என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பித்தளை அதே பித்தளைதான், எஃகும் அதே எஃகுதான். கூடு சுவரைப் பற்றுவதால் நடப்பது என்னவென்றால், போல்ட் இறுகித் தூக்கக் கஷ்டமாகும் வழக்கமான எச்சரிக்கை தாமதமாக வருகிறது. அது வரும்போது நீங்கள் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பீர்கள்.

அதனால் க்ரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) இல்லாமல் இம்ப்ரூவ்டுக்கு லோடு, அதாவது சரியான பவுடர் அளவு, தேடாதீர்கள். அச்சிட்ட கையேட்டில் அந்தக் குண்டுக்கு, அந்தப் பேரல் நீளத்துக்கு உள்ள உச்ச வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேகம் அதைத் தொட்டால் அங்கேயே நிறுத்துங்கள், பவுடர் அளவு கையேட்டைவிடக் குறைவாக இருந்தாலும் சரி. இலவசமாக வேகம் கிடைக்காது. கிடைத்தது போலத் தெரிந்தால் அழுத்தம் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் இம்ப்ரூவ்டில் எனக்கு எது பிடிக்கும்?

கூடு நீளாது. என்னைப் பொறுத்தவரை உண்மையான லாபம் அதுதான். சரிவான தோளுள்ள கூட்டில் ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை கழுத்தை நோக்கி ஓடும், இரண்டு மூன்று முறைக்கு ஒரு தடவை வெட்டி அளவாக்க வேண்டும். 40 பாகைத் தோள் அந்த ஓட்டத்தைப் பெரிதும் தடுக்கிறது. என் .280 அக்லி கூடுகளை ஆறு முறை சுட்ட பிறகுதான் முதல் தடவை வெட்டினேன். ஆறு முறையும் ஒரே கழுத்து நீளம், ஒரே பிடிப்பு. மாதத்துக்கு 200 தோட்டா தயாரிக்கிறவருக்கு இது எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை மிச்சப்படுத்துகிறது என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். சில மேகஸின்களில் இந்தக் கூரான தோள் உள்ளே போகும்போது தட்டும். ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடும் எஃப்-கிளாஸ்காரருக்குப் பிரச்சினை இல்லை. நேரத்தோடு ஓடும் பிஆர்எஸ்காரர், வாங்கும் முன் பத்துத் தோட்டாவை வேகமாக ஏற்றிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பெட்டியில் பெயர் எழுதுவது

ஃபயர் ஃபார்ம் செய்த கூட்டின் அடியில் பழைய பெயர்தான் பொறித்திருக்கும். அடியில் '.280 ரெமிங்டன்' என்றிருக்கும், உள்ளே அக்லிக்கான பவுடர் இருக்கும். பெயர்க் குழப்பம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு இதே தோட்டாவின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. ரெமிங்டன் நிறுவனம் 1979-ல் இதற்கு 7 எம்எம் எக்ஸ்பிரஸ் என்று புதுப் பெயர் வைத்தது. ஆட்கள் அதை 7 எம்எம் ரெமிங்டன் மேக்னத்தோடு குழப்பிக்கொண்டார்கள். சீக்கிரமே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டாவின் முழுப் பெயர், எந்த ரைஃபிள், குண்டின் எடை, பவுடரின் பெயரும் அளவும், எத்தனையாவது முறை சுடுகிறது, தேதி, இவ்வளவும் மார்க்கரில் எழுதுங்கள். மூடியில் எழுதாமல் பெட்டியின் உடம்பில் எழுதுங்கள். ரேஞ்சில் நாலு பெட்டி திறந்து கிடக்கும்போது மூடிகள் இடம் மாறிவிடும்.